அறுபத்தொன்றாவது பெயர்

சேலையூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயசீலி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மதினிக்குச் சர்க்கரை இறங்கியதா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் சண்டை வர ஒரு வாரமாவது ஆகும். அதனால் எழுதுகிறேன்.

நாளை பள்ளி திறக்கிறார்கள். தமிழினி போகப்போவதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இனி வீட்டில்தான் இருப்பாள். எதில் விருப்பமோ அதைக் கற்றுக்கொள்வாள். கேட்டால் சொல்லித்தருவோம், கேட்காவிட்டால் எங்கள் வேலையைப் பார்ப்போம். பாடவேளை, பரீட்சை எதுவும் கிடையாது. இதை இயற்கைவழிக் கற்றல் என்கிறார்கள். கேளம்பாக்கம் பக்கம் இப்படி ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். பிள்ளைகள் விளையாடுவார்கள். பிள்ளைகளை விளையாட விடுவது எப்படி என்று பெரியவர்கள் நாங்கள் நாலு மணி நேரம் விவாதிப்போம்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடமே கதி என்று இருக்கும் அண்ணனுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. காரணம் கேட்பீர்கள். நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தோம் என்பதை மட்டும் இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவரும் உங்களை விசாரித்தார்.

தங்கை,
ஜெயசீலி

*

ஞானமணிபுரம்
17 ஜூன் 2024

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் மதினிக்குச் சர்க்கரை இறங்கியது, அன்றே ஒரு கல்யாண வீட்டில் ஏறிவிட்டது. மற்றபடி ஆண்டவர் நடத்துகிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அண்ணனாக. இரண்டாம் முறை தலைமை ஆசிரியராக, சிவப்புப் பேனாவோடு. பிழை ஒன்றும் இல்லை. அதையும் பள்ளிக்கூடம்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தது.

விருப்பமுள்ளதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்கிறாய். என்னிடம் அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் நாற்பது பேர் சத்துணவுக் கூடத்திலும் இருபது பேர் வேப்பமரத்திலும் பட்டம் வாங்குவார்கள். அந்த அறுபதைச் சேர்க்கவே இந்த வருடம் நானும் டீச்சர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மிச்சத்தைத் தனியார் பள்ளி மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. பிள்ளைக்காக நான் ஊரெல்லாம் கையேந்துகிறேன், நீ இருக்கிற ஒன்றை வெளியே எடுத்துவிட்டாய்.

மாப்பிள்ளை லாசரஸ் படித்தவர், ஒன்றும் சொல்லவில்லையா? அல்லது அவரும் இயற்கைவழிக்குப் போய்விட்டாரா?

ஒன்று செய். மாற்றுச் சான்றிதழையும் ஆதார் நகலையும் எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவை. உன் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வரும். உனக்குப் புத்தி வரும்போது அந்தக் காகிதம் நனையாமல் இருக்க வேண்டும்.

அண்ணன்,
வேதசிரோமணி

*

சேலையூர்
2 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் கேட்ட இரண்டு காகிதமும் இத்துடன் இருக்கின்றன. சண்டையில் ஒரு பங்காவது குறையட்டும்.

உங்கள் மருமகள் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். நாங்கள் இங்கே குடிவந்தபோது வாசலில் ஐந்து படி இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படிதான் மிச்சம். தமிழினி டேப்பால் அளந்து, எந்த வருடம் எந்த ரோடு என்று தெருவில் விசாரித்து, 2033இல் நம் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போகும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். சராசரி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. தனக்குத் தேவைப்பட்டபோது தானே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மாலையில் கேம்ப் ரோட்டில் ஜலால் பாயின் பைக் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அவர், “இன்னா பாப்பா, இன்னிக்கும் லீவா? உன் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரே இல்லியா?” என்றிருக்கிறார். இவள் பதில் சொல்ல நேரமாகும், உங்களுக்குத் தெரியுமே. அவர் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வந்த பிறகு, “நான்தான் ஹெட்மாஸ்டர்” என்றாளாம். “அப்போ எனக்கும் ஒரு நாள் லீவு குடும்மா, ஒரே பேஜாரா கீது.” கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சிரித்தீர்களா? சிரிக்காவிட்டாலும் பதில் போடுங்கள்.

ஜெயசீலி

*

ஞானமணிபுரம்
14 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் வேலை அதிகம். இங்கே மழை இல்லை, மற்றபடி சுகம்.

படிக் கணக்கைப் படித்தேன், நன்றாக இருந்தது. சராசரியை ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில்தான் நடத்துவோம். பிள்ளை முந்திக்கொண்டது.

தமிழினியின் உயரம், எடை, இரத்த வகை, செருப்பு அளவு ஆகியவற்றை எழுதி அனுப்பு. தாய்மாமனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விவரங்கள்தான். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது என் தப்பு.

உங்கள் முடிவைப் பற்றி நான் முன்பு எழுதியதை மனதில் வைக்காதே. அவரவர்க்கு அவரவர் வழி.

வேதசிரோமணி

*

சேலையூர்
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். “மச்சானுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டார். அவரவர்க்கு அவரவர் வழி என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் ஒருவர் ஒத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுதத் தெரியவில்லை.

உயரம் 134 செ.மீ. எடை 27 கிலோ. இரத்தம் ஓ பாசிடிவ். செருப்பு மூன்றாம் நம்பர். கிறிஸ்துமஸுக்கு ஷூ வாங்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறாள். வெள்ளை வேண்டாமாம்.

மதினியை மாத்திரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜெயசீலி

*

சேலையூர்
24 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம்.

நேற்று, புதன்கிழமை, பகல் பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்திருந்தாள். “மேடம், இங்க பத்து வயசுல ஒரு பாப்பா இருக்காமே. ஸ்கூல் போகலைன்னு பக்கத்துல சொன்னாங்க.” இந்த நாளுக்காக நான் நாலு மாதமாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். குழந்தையின் சுதந்திரத்தில் ஆரம்பித்து அரசியல் சட்டத்தில் முடியும். முதல் வாக்கியத்திலேயே அவள் டேப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “ஐயோ, எதுக்கு மேடம் டென்ஷன் ஆகுறீங்க? பாப்பா ஸ்கூல்ல தானே இருக்கு” என்றாள்.

திருப்பிக் காட்டினாள். தமிழினி, தகப்பனார் லாசரஸ். ஐந்தாம் வகுப்பு. ஞானமணிபுரம் உதவிபெறும் தொடக்கப்பள்ளி. வருகை 97 சதவீதம். உயரம் 134. எடை 27. சீருடை பெற்றுக்கொண்டார். காலணி, மூன்றாம் எண், பெற்றுக்கொண்டார்.

97 சதவீதம் வந்துகொண்டிருக்கும் பிள்ளை அப்போது வாசல்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“லீவுக்கு வந்திருக்காளா மேடம்?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் முறுக்கு டப்பாவை மூடினேன். அவளே ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

சத்துணவு முட்டையும் தினமும் சாப்பிடுகிறாளா? இங்கே முட்டை என்றால் ஓடுவாள்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை எத்தனை முறை எடுத்துப் படித்திருக்கிறேன், தெரியுமா?

ஜெயசீலி

*

ஞானமணிபுரம்
3 நவம்பர் 2024

ஜெயசீலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் பதிவாகிவிடும்.

அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். அறுபது இருந்தால் இரண்டு. ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணுவார்கள். ஜூலை முப்பத்தொன்று மாலை என்னிடம் அறுபது தலை இருந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிற வினிதா டீச்சர்தான் எங்களில் இளையவள். அவளை உபரி என்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டு பேர். அதில் நான் பாதி நாள் அலுவலகத்துக்கு ஓடுகிறவன். ஆக, ஐந்து வகுப்புக்கு ஒன்றரை ஆசிரியர். போன வருடம் எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளைகள் அவளிடம் இப்போது கதை வாசிக்கிறார்கள்.

என் மேசைக்குள் ஒரு மாற்றுச் சான்றிதழ் இருந்தது. எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வருடம்தான், அடுத்த ஜூனில் ஐந்து முடித்துத் தானாக வெளியே போய்விடும் என்றும் நினைத்தேன். முதல் நாள் வருகையைப் பதியுமுன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பத்தாம் நாள் சாத்தவில்லை. நம்பும்படி இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் காய்ச்சல் லீவும் கொடுத்தேன். முட்டை வீணாகவில்லை, மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு சாப்பிடுகிறான்.

உன் வீட்டுக்கு வந்தவள் கடமை தவறாதவள். “மாணவி சேலையூரில் காணப்பட்டார்” என்று எழுதியிருக்கிறாள். இருபத்தொன்றாம் தேதி ஆளைச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். அன்று ஒரே ஒரு நாள் தமிழினி என் வகுப்பில் உட்கார்ந்து, பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொன்னால் போதும்.

கேட்க எனக்கு முகம் இல்லை. வினிதா டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. நான் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

வேதசிரோமணி

*

சேலையூர்
11 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

மூவரும் சுகம். நீங்கள் முழங்காலுக்கு மாத்திரை போடுகிறீர்களா?

ஜூனில் காரணம் சொல்லாமல் விட்டேன். முப்பத்தொரு வருடமாகக் காலையில் பெயர் வாசிக்கிற ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேளம்பாக்கத்துக் கூட்டம், புத்தகங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

போன வருடம் ஒரு காலை ஒன்பதரைக்குப் பள்ளியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. ‘உங்கள் குழந்தை இன்று வரவில்லை.’ நானே வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆட்டோ பிடித்து அழுதுகொண்டே ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டாவது பெஞ்சில் இருக்கிறாள். மிஸ்ஸிடம் கேட்டதற்கு, “பேர் கூப்பிட்டா ‘பிரசன்ட் மிஸ்’னு சத்தமா சொல்லணும் மேடம். சொல்லலைன்னா ஆப்சென்ட்தான். அப்பதான் வாய் திறப்பா” என்றார்கள். இவளுக்குச் சொல் வெளியே வருவதற்குள் அவர்கள் மூன்று பெயர் தாண்டிவிடுவார்கள்.

அதன் பிறகு நாற்பத்தொரு நாள் அந்தச் செய்தி வந்தது. நானும் பழகிவிட்டேன், அண்ணன். ஒன்பதரைக்குப் போன் சத்தம் கேட்டால் எடுத்துக்கூடப் பார்க்கமாட்டேன். ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, “அம்மா, நேத்து நான் ஸ்கூல்ல இருந்தேனா?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இனிமேல் யாரும் உன் பேரைக் கூப்பிட்டு ‘இருக்கியா’ என்று கேட்கமாட்டார்கள் என்று அன்றைக்கு அவளிடம் சத்தியம் செய்தேன். நீங்கள் கேட்கும் அந்த ஒரு நாள், நான் செய்த சத்தியத்தை உடைக்கிற நாள்.

போகக்கூடாது என்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் விஷயத்தை அவளிடம் கேட்காமல் முடிவெடுப்பதில்லை என்பதுதானே இந்த வீட்டின் கொள்கை. எனக்குச் சாதகமான நாளில் மட்டும் அதை வைத்துக்கொள்ள முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, “அந்த டீச்சர் போயிட்டா ஒண்ணாவது பசங்களுக்கு யாரு?” என்றாள். யாரும் இல்லை என்றேன். “போறேன். உக்காருவேன். ஆனா பேச்சு வருமான்னு தெரியாது. மாமாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டேன். அவர் லீவு போட்டு அழைத்து வருகிறார். நான் வரவில்லை. என்னால் பார்க்க முடியாது.

ஜெயசீலி

*

ஞானமணிபுரம்
23 நவம்பர் 2024

ஜெயசீலிக்கு,

ஆய்வு முடிந்தது. பிள்ளையும் மாப்பிள்ளையும் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்கள். உன் மதினி கொடுத்துவிட்ட கருப்பட்டியை எறும்பு வராமல் வை. அங்கே புயல் வரும் என்கிறார்கள். சாமான்களை மேலே ஏற்றிவிடு.

வேதசிரோமணி

*

சேலையூர்
9 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. இப்போது வடிந்துவிட்டது. நாங்கள் மாடி வீட்டு நூர் பீவி அக்காவோடு மூன்று நாள் இருந்தோம். சுகம்.

‘ஆய்வு முடிந்தது’ என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். மீதியை அவர் சொன்னார், தண்ணீர் இறைத்துக்கொண்டே, விட்டுவிட்டு.

அதிகாரி பெயரை வாசித்தாராம். அவள் எழுந்து நின்றாளாம், வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. “ஏம்மா, பேராவது சொல்லு. பேரைச் சொன்னா நான் டிக் அடிச்சிட்டுப் போயிருதேன்” என்றாராம். வேகமாக முடித்துக்கொண்டு போகிற எண்ணத்தில்தான் இருந்திருக்கிறார். மூன்றாம் முறை குரலை உயர்த்தி, “வாயத் தெறக்கலன்னா வரலைன்னுதான் எழுதுவேன்” என்றாராம். அப்போது நீங்கள் குறுக்கே போய், “சார், பிள்ளையக் கேக்காதீங்க. அது என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்ல. நான் எழுதின பொய் அது” என்றீர்களாம்.

அதிகாரி பயந்துபோய், “நான்தான் விட்டுருதேன்னு சொல்லுதேனே, நீங்க ஏன் சார் குறுக்க வாரீங்க?” என்று உங்களைக் கெஞ்சினாராம். நீங்கள் தமிழினியை உட்காரச் சொல்லிவிட்டு, பேனா வாங்கி, நின்றபடியே நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வினிதா டீச்சர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனாராம்.

இதையெல்லாம் தமிழினி என்னிடம் சொல்லவில்லை. ரயிலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: “நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா வந்திருக்கும்ப்பா. மாமா அவசரப்பட்டுட்டாரோ?”

உங்கள்மேல் கோபப்படுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இனி என்ன ஆகும்? எழுதுங்கள்.

ஜெயசீலி

*

ஞானமணிபுரம்
19 ஜனவரி 2025

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைக் கேட்டு உன் மதினி அழுதாள். நாங்கள் சுகம். பொங்கல் முடிந்தது.

இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும். அறுபது தலை என்று திருத்தி எழுதியாகிவிட்டது. வினிதா டீச்சர் போன வாரம் மாறிப் போனாள், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். போகுமுன் வீட்டுக்கு வந்து, “சார், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பேனே” என்றாள். நான் யாரையும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. தமிழினியைக்கூட நீதான் கேட்டாய், அதுவும் கடைசியில்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். காலையில் குளித்து, சட்டை போட்டு, ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காருகிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூட மணிச் சத்தம் இங்கே கேட்கும். நான்காம் வகுப்புச் சத்தத்தை வைத்து டீச்சர் உள்ளே இல்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். எழுந்து போக முடியாது. பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது என்று ஜூனில் உன்னைக் கேலி செய்தேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில் அவள் என்ன செய்தாள்? தமிழினியிடம் கேட்டு எழுது. அவசரமில்லை.

அண்ணன்,
வேதசிரோமணி

*

சேலையூர்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மதினியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், சுவர் காய்ந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைத் தமிழினியிடமே கொடுத்தேன். பதில் வர ஐந்து நாள் ஆனது. நேற்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து, “எழுதிக்கோங்க” என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“முதல் மாசம் நான் ஒண்ணுமே பண்ணல மாமா. சும்மா படுத்திருந்தேன். காலைல ஒன்பதரை ஆனா அம்மா போனையே பாத்துகிட்டு இருப்பேன். அது தானா போயிடும், ஆனா லேட்டாகும். உங்களுக்கு முப்பத்தொரு வருஷம்ல, இன்னும் லேட்டாகும். பரவால்ல.”

அவ்வளவுதானா என்றேன். நின்றுகொண்டிருந்தாள்.

“அத்தைக்கு ஒண்ணு எழுதுங்க. சாயங்காலம் ஆனா, ‘இன்னைக்கு என்ன பண்ணீங்க’ன்னு மாமாவைக் கேக்க வேணாம்னு சொல்லுங்க. நீங்க கேப்பீங்கல்லம்மா, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏதாவது சொல்லணுமேன்னு மத்தியானத்துலேருந்தே யோசிச்சுகிட்டு இருப்பேன்.”

அண்ணன், அந்தக் கேள்வியை நான் எட்டு மாதமாக ஒரு நாள்கூட விடாமல் கேட்டிருக்கிறேன். பதில்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதியதெல்லாம் அதைப் பார்த்து எழுதியதுதான்.

நேற்று சாயங்காலம் கேட்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் தலை நிமிராமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள். அங்கே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

மதினியிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கை,
ஜெயசீலி